துக்கம் சொல்லி அனுப்பவில்லை

புசான்
2015 டிசம்பர் 9

மசுயோ அக்காவுக்கு,

உங்கள் அஞ்சலட்டை நேற்று வந்தது. மின்கட்டண ரசீதுக்கும் பல் டாக்டர் அனுப்பிய நினைவூட்டலுக்கும் நடுவில் கிடந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு தாமரை, கீழே அச்சடித்த நாலு வரி. கணவர் இசோபே குனியோ ஜூலை மாதம் அறுபத்தேழாவது வயதில் காலமானார், ஆகையால் இந்த ஆண்டு புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதைத் தவிர்க்கிறோம், இதுவரை அவர்மேல் காட்டிய அன்புக்கு நன்றி. கையால் எழுதிய ஓர் எழுத்துகூட இல்லை. குவாக் இன்சுக் என்ற என் பெயரும் முகவரியும்கூட அச்சகத்தில் ஒட்டிய சீட்டுதான்.

நான் பள்ளியில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறவள். துக்கம் நடந்த வீட்டார் ஆண்டுக் கடைசியில் இப்படி அட்டை போடுவார்கள் என்று வருடாவருடம் வகுப்பில் மாதிரி காட்டிப் பாடம் நடத்துகிறேன். அதனால் எனக்குப் புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். நன்றாகப் புரிந்தது. புரிந்ததனால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் ஜூலையில் போயிருக்கிறார். ஆகஸ்டில் நீங்கள் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வழக்கம்போல் இங்கே வந்தீர்கள். ஐந்து நாள் என் வீட்டில் தங்கினீர்கள். "அத்தான் ஏன் இந்தத் தடவ வரல?" என்று கேட்டேன். முதுகு சரியில்லை என்றீர்கள். நான் மருந்துக்கடைக்கு ஓடி, வலிக்கு ஒட்டும் பட்டி வாங்கிவந்து உங்களிடம் நீட்டினேன். அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள்.

கடைசி நாள் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அப்பா ஜகால்சி சந்தையில் மீன் விற்றே கிழவரானவர். விருந்தாளிக்குக் கீரை இலையில் மீனையும் பூண்டையும் மடித்துத் தன் கையால் ஊட்டினால்தான் அவருக்குத் திருப்தி. உங்களுக்கு ஒன்று ஊட்டினார். அப்புறம் இன்னொன்றை மடித்து, "இந்தா, வாயத் தொற. இது உன் புருஷன் பங்கு" என்றார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தீர்கள் அக்கா. நாங்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம்.

நேற்று அப்பாவிடம் அட்டையைப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் செத்தவனுக்கா ஊட்டுனேன்?" என்று மட்டும் கேட்டார்.

நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். எங்கள் ஊரில் பகையாளி வீட்டுச் சாவுக்குக்கூட, சடங்கு நடக்கும் மூன்று நாளில் ஒரு நாளாவது தலைகாட்டுவோம். நான் உங்களுக்குப் பகையாளியாகக்கூட இல்லையா? என் மகன் தேயுனை நினைத்துப் பாருங்கள். எனக்கு விவாகரத்து நடந்த வருடம் பதினைந்து வயதுப் பையனாக அவனை உங்களிடம் விட்டேன். அந்த ஒரு வருடம் அத்தான்தான் அவனுக்கு அப்பா. முகம் மழிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவன் கையில் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்க வேண்டியவன். அவனிடம் இந்த அட்டையை நீட்டி என்ன சொல்லட்டும்?

இருபது வருடமாக நாம் இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு உலகக் குடிமக்கள் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாப்பிடு, கொரியாவில் மேசையிலேயே வைத்துச் சாப்பிடு என்று கைப்புத்தகம் போட்டோம். ஜப்பான் வீட்டில் குளித்த தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடாதே, உனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் குளிக்க வேண்டும் என்றுகூட எழுதினோம். செத்தால் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. அது எழுதித் தெரிய வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரும் மே மாதம் எங்கள் பிள்ளைகளை உங்கள் ஊருக்கு அனுப்புவதாக இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லப்போகிறேன்.

இன்சுக்


ஷிமோனோசெகி
2015 டிசம்பர் 22

குவாக் டீச்சருக்கு,

இங்கே ஜலசந்திக் காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. புசானில் இன்னும் அதிகமாக இருக்கும். அப்பாவும் தேயுனும் நலமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மனம் இவ்வளவு புண்படும்படி நடந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சாக்குப்போக்காகத் தோன்றினாலும் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

மே மாதம் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஜூலை பத்தொன்பதாம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. குடும்பத்தோடு மட்டும் செய்தோம். நாங்கள் ஒன்பது பேர். துறைமுகத்தில் அவரோடு முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர்களுக்கும் அட்டைதான் போனது. அவர் அப்படித்தான் கேட்டார். "யாருக்கும் சிரமம் குடுக்காத. சின்னதா முடிச்சிரு" என்றார். உங்களுக்குச் சொல்லியிருந்தால் பள்ளிக்கு விடுப்புப் போட்டு, பருவத் தேர்வை விட்டுவிட்டு, கப்பல் பிடித்து வந்திருப்பீர்கள். அந்தக் கட்டாயத்தை உங்கள்மேல் சுமத்துவதற்கு எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். நெருங்கியவர்கள் என்பதனால்தான் அப்படி நினைத்தேன்.

ஆகஸ்டில் சொல்லாததற்கும் காரணம் அதுதான். பிள்ளைகளில் பாதிப் பேர் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த ஐந்து நாளும் துக்க வீடாகியிருக்கும். அப்பா ஊட்டிய இரண்டாவது கவளத்தை எப்படி விழுங்கினேன் என்று என்னால் எழுத முடியாது. உங்கள் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அட்டைகளை மகள்தான் மொத்தமாக அச்சடித்தாள். உங்களுடைய அட்டையில் மட்டும் கையால் ஏதாவது எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் ஐந்து மாதம் தாமதமாக இருந்தது. அதனால் அப்படியே அனுப்பினேன்.

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் மனம்திறந்து எழுதியிருப்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். தேயுன் எங்களோடு இருந்த வருடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நாம் எத்தனையோ முறை சந்தித்துவிட்டோம். 'அன்றைக்குச் செய்தீர்களே, நன்றி' என்று நீங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அடுத்த முறை பார்க்கும்போது முதல் வார்த்தையாக அதைச் சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். குனியோ சிரிப்பார். "விடு. அவங்க ஊர்ல சொல்ல மாட்டாங்க போல" என்பார். விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது விடவில்லை என்று தெரிந்தது.

இன்னொன்று. அவர் என் கணவர். அந்தத் துக்கத்தை எங்கே வைப்பது, யாரிடம் காட்டுவது என்பதை நான் தீர்மானித்துக்கொண்டது அவ்வளவு பெரிய குற்றமா?

மே மாதப் பயணம் உங்கள் விருப்பம். இங்கே பன்னிரண்டு வீட்டார் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசோபே மசுயோ


புசான்
2016 ஜனவரி 11

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கோபத்தோடு கிழிக்கப் போனேன். தேயுன் பிடுங்கி வைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து நானே கேட்டு வாங்கிப் படித்தேன்.

நன்றியா? என்னைப் பெற்றவளுக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "என்னடி, யார் வீட்டுக்கோ வந்த மாதிரி பேசுற" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாள். நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தம். உங்களோடு கணக்குத் தீர எனக்கு விருப்பமில்லை, அதனால் சொல்லவில்லை. நான் மீன் முட்டையும் கடற்பாசியும் அனுப்பினால் பத்து நாளுக்குள் உங்களிடமிருந்து பதிலுக்கு ஒரு பெட்டி வந்துவிடும். பிரிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கடன் வைக்கப் பயப்படுகிறாள் பார், என்றுதான் நினைப்பேன். நீங்கள் என் நன்றிக்குக் காத்திருந்தீர்கள், நான் உங்கள் பெட்டி வராமல் போகும் நாளுக்குக் காத்திருந்தேன். நல்ல ஜோடி நாம்.

உங்கள் துக்கத்தை எங்கே வைப்பது என்பது உங்கள் உரிமைதான். ஆனால் சுமை சுமை என்கிறீர்களே, எனக்குக் கனக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பிடிவாதம் பிடித்து அத்தானுக்கு ஒரு படையல் மேசை போடச் சொன்னார். சோறு, சூப், வறுத்த மீன், ஒரு கிண்ணம் சோஜு சாராயம். வைப்பதற்கு அத்தானின் தனிப்படம் எங்களிடம் இல்லை. பிள்ளைகள் முகாமில் எடுத்த கூட்டுப்படம்தான் இருந்தது. அதில் வழக்கம்போல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கிறார். தேயுன் அதன் முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினான். இரண்டாவது முறை விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்பா போய் அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிழவருக்கு ஜப்பானிய மொழியில் பேச உங்கள் இரண்டு பேரையும் விட்டால் யாரும் கிடையாது. ஜப்பான் எங்களை ஆண்ட காலத்தில் பள்ளியில் அடித்துப் புகட்டிய மொழி என்று வேறு யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார். இப்போது ஒருவர்தான் பாக்கி என்றார்.

பிள்ளைகள் மே மாதம் வருவார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். கூட வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கூட்டிவருவார். நான் வரவில்லை.

ஒன்று மட்டும் எழுதுங்கள். கடைசியில் எப்படி இருந்தார்? வலி இருந்ததா? எதுவுமே தெரியாமல் அழுவது கஷ்டமாக இருக்கிறது.

இன்சுக்


ஷிமோனோசெகி
2016 மார்ச் 3

குவாக் டீச்சருக்கு,

பிளம் மரங்கள் பூத்துவிட்டன. பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். நீங்கள் கேட்டதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட.

ஜூன் கடைசி வரைக்கும் வலி இருந்தது. அப்புறம் மருந்தை மாற்றினார்கள், அதிகமாகத் தூங்கினார். விழித்திருக்கும்போது ஜன்னல் பக்கம் படுக்கையைத் திருப்பச் சொல்வார். அங்கிருந்து துறைமுகம் தெரியாது, கார் நிறுத்துமிடம்தான் தெரியும். யார் வண்டியைச் சரியாக நிறுத்துகிறார்கள், யார் கோடு தாண்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆறாவது நாளாகச் சாப்பிடாமல் இருந்தபோது, உங்கள் வீட்டு முள்ளங்கி ஊறுகாய் வேண்டும் என்றார். மருத்துவமனையில் அனுமதிக்க மாட்டார்கள். கொண்டுபோய் வாசனை மட்டும் காட்டினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் தாதியிடம் புகார் சொல்லிவிட்டார். குனியோ அதற்குச் சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

இன்னொன்றும் இருக்கிறது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்ன அன்று, கொஞ்சம் பொறுத்து, "இன்சுக்குக்கு மட்டும் தெரிஞ்சா, அடுத்த கப்பல்லயே வந்து நிப்பா" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. 'அதனால் சொல்லாதே' என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். 'அதனால் சொல்' என்றாரோ என்று உங்கள் டிசம்பர் கடிதம் வந்த பிறகுதான் முதன்முதலாகத் தோன்றியது. நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்தேன். அன்றைக்கு ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் வாயிலிருந்து வேண்டும் என்ற வார்த்தையை வரவழைப்பது அவருக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் வருட நினைவு நாள் செய்கிறோம். கல்லறையில் துறவி ஒருவர் வந்து ஓதுவார், பிறகு சாப்பாடு. உங்களுக்கு வசதிப்பட்டால், வேறு வேலை எதுவும் இல்லையென்றால், சிரமம் இல்லாதபட்சத்தில் என்று நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வாருங்கள்.

மசுயோ


புசான்
2016 ஏப்ரல் 2

அக்கா,

படித்தேன். முள்ளங்கி ஊறுகாய் வரைக்கும் படித்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கார்களை எண்ணிக்கொண்டிருந்த மனுஷனை நான் போய்ப் பார்க்கவில்லையே.

வருகிறேன். தேயுனுக்கு லீவு கிடைக்காது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, கப்பல் ஏற முடியாது. நான் வருகிறேன். பதிலுக்குப் பெட்டி எதுவும் கட்டி வைக்காதீர்கள், எடுத்து வர மாட்டேன்.

இன்சுக்


ஷிமோனோசெகி
2016 ஆகஸ்ட் 28

குவாக் டீச்சருக்கு,

பிள்ளைகளோடு பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். இங்கே இன்னும் வெயில் குறையவில்லை. உங்கள் வீட்டில் இருந்த ஐந்து நாளும், ஜூலையில் கல்லறையில் நடந்ததைப் பற்றி நாம் இருவருமே பேசவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் அந்தக் கல்லைப் பார்த்ததும் "அத்தான்" என்று உட்கார்ந்து கதறியபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். துறவி ஓதுவதை நிறுத்திவிட்டார். குனியோவின் அண்ணன் என் காதருகே வந்து, "யாரு இந்த அம்மா? குனியோ புசானுக்கு அடிக்கடி போனான் இல்ல?" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. என் அறுபத்துமூன்று வயதில் என் கணவரின் கள்ளக் காதலி என்று உங்களை ஒருவர் சந்தேகப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குனியோ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

அந்தக் கேள்வி காதில் விழுந்த பதற்றத்தில்தான் குனிந்து, "குவாக் டீச்சர், கொஞ்சம் மெதுவா" என்றேன். நீங்கள் உடனே நிறுத்திவிட்டீர்கள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, சாப்பாடு முடியும்வரை ஒரு சத்தமும் இல்லாமல், எல்லோருக்கும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எங்கள் ஆட்களைவிட அழகாகச் செய்தீர்கள். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மருத்துவமனையில் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டது சந்தோஷம். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சாப்பிடுறியா? எளச்சிட்டியே" என்றார். இளைத்திருந்தது அவர்.

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மசுயோ


புசான்
2016 நவம்பர் 7

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் நேராகவே எழுதுகிறேன். அப்பா அக்டோபர் பன்னிரண்டாம் தேதி விடிகாலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே. வலி எதுவும் இல்லை. மூன்று நாளும் முறையாகச் செய்து, அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

உங்களுக்குச் சொல்லவில்லை. தேயுன் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மாவுக்கு ஃபோன் பண்ணட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டான். வேண்டாம் என்றேன். கோபத்தில் இல்லை அக்கா, பழிக்குப் பழியும் இல்லை. அதை முதலில் நம்புங்கள். உங்களுக்கு முழங்கால் வலி, அப்போதுதான் பள்ளி விழா, அந்த வாரம் கடலும் மோசம். கூப்பிட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். மறுக்க முடியாதவரைக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய கட்டாயம் என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக அதைப் புரிந்துகொள்ள முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் முறைப்படி உங்களுக்கு ஒரு மரியாதை செய்வோம் என்று நினைத்தேன். இந்த வயதில் நானும் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன், பார்த்தீர்களா?

சந்தைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். மூன்று நாளும் காரமான மாட்டிறைச்சி சூப்பைக் குடித்துக்கொண்டு சீட்டாடிக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நத்தை விற்கும் அம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த ஜப்பான் பொண்ணு எங்க? உங்கப்பா ஊட்டி விடுவாரே, வரலையா?" என்று கேட்டாள். இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள். அவங்க ஊர்ல அப்படி வர்ற வழக்கம் இல்ல என்று சொல்லிவைத்தேன்.

ஒரு விஷயம் உங்களிடம்தான் சொல்ல முடியும். சவப்பெட்டியை மூடும்போது எனக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. யாருக்காவது தொந்தரவாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு நடுவில் வந்து நின்றுவிட்டது. சொந்த அப்பாவுக்கு, எங்கள் ஊரில், சுற்றி எல்லோரும் கதறிக்கொண்டிருக்கும்போது. என் அத்தைகள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொள்கிறார்கள்.

அவசரமாகப் பதில் எழுத வேண்டாம். பணமோ பூவோ எதுவும் அனுப்ப வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுக்


ஷிமோனோசெகி
2016 நவம்பர் 16

இன்சுக்,

உங்கள் கடிதம் வந்தது. காற்றைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுதப்போவதில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. இந்த வார்த்தையை ஒரு கடிதத்தில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்டில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் காத்திருந்தேன். கறுப்பு உடையைச் சலவைக்குக் கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் கிம்ச்சி விற்கும் கொரிய அம்மாளிடம் போய், உங்கள் ஊர்த் துக்க வீட்டில் பெண்கள் எப்படி வணங்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்குள் பாய் விரித்துக் காட்டினார். நல்ல நாளில் எந்தக் கை மேலே, துக்கத்தில் எந்தக் கை மேலே என்று சொல்லிக்கொடுத்தார். என் முழங்கால் மடங்கவில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா உங்களுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். "எனக்கு அங்க ஒரு அப்பா இருக்காரு" என்றேன். அப்புறம் நாலு தடவை போய்ப் பழகினேன்.

தொலைபேசி வந்தால் அன்றைய சாயங்காலக் கப்பலில் ஏறிவிடுவேன், கேள்வி கேட்காதே என்று மகளிடம் சொல்லியிருந்தேன். குளிக்கப் போகும்போதுகூட செல்பேசியை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி விழா அன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதற்குத் தலைமையாசிரியர் முறைத்தார். அப்பா மண்ணுக்குள் போய் அப்போது ஒரு நாள் ஆகியிருக்கிறது.

இதில் ஒன்றையும் நான் உங்களிடம் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் சாவுக்குத் தயாராக இருக்கிறேன், கூப்பிடுங்கள் என்று எப்படி எழுதுவது? அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊர்க்காரி யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பாள். நீங்கள் எங்கள் ஊர்க்காரி இல்லை. இருபது வருடம் பிள்ளைகளுக்கு இதையேதான் பாடமாக நடத்தினேன்.

என் முறையைக் கற்றுக்கொண்டு நீங்கள் சொல்லாமல் இருந்தீர்கள். உங்கள் முறையைக் கற்றுக்கொண்டு நான் கூப்பிடுவீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் கெட்டிக்கார மாணவிகள். குனியோவுக்கு நீங்கள் இல்லை, அப்பாவுக்கு நான் இல்லை.

போன டிசம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். அன்றைக்குக் கொஞ்சம் மிகையாக எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு வரிகூட மிகையில்லை. சொல்லாமல் விடப்பட்டவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதைவிட மோசமான இன்னொன்றும் இருக்கிறது. அந்த மூன்று நாளும் சந்தைக்காரர்கள் என்னைத் தேடியிருக்கிறார்கள். வராதவள் என்று என் பெயர் அங்கே நின்றுவிட்டது. ஊட்டிய கையை மறந்துவிட்டாள் என்றுதானே நினைத்திருப்பார்கள்?

நீங்கள் அப்பாவுக்காக அழ முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். கல்லறையில் நான் சொன்ன நாலு வார்த்தை. அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, எடுக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு இனி வந்து என்ன செய்ய என்று உங்கள் மனது சொல்லும். என் மனதும் அதையேதான் சொல்கிறது. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலக் கப்பலில் ஏறுகிறேன், வெள்ளிக்கிழமை காலையில் புசானில் இருப்பேன். வரலாமா என்று நான் கேட்கவில்லை.

முதலில் அப்பாவிடம் கூட்டிப்போங்கள். அங்கே நீங்கள் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம், என்னால் முடிந்தால் நானும் அழுகிறேன். பிறகு சந்தைக்குப் போவோம். நத்தை விற்கும் அம்மாள் கடையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, சொல்லியிருந்தால் முதல் ஆளாக வந்திருப்பேன் என்று சொல்லப்போகிறேன். எனக்கு உங்கள் மொழி அந்த அளவுக்கு வராது. நீங்கள் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தையும் குறைக்காமல், மொழிபெயர்க்க வேண்டும்.

மசுயோ